மாணிக்கவேலின் மலிவு சிப்

சின்ன காஞ்சிபுரத்தில் டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கவேல், ஊரில் டிவிகள் கெட்டுப்போவதை நிறுத்திக்கொண்டதும் விஞ்ஞானி ஆனான். பட்டத்தை அவனே கொடுத்துக்கொண்டான். காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து, "எத்தினி சென்சார் வேணும்னாலும் சொருகிக்கலாம்பா" என்று டீக்கடை டீக்கடையாகப் பீற்றிக்கொண்டான். சொருகிப் பார்த்தது என்னவோ ஒன்றைத்தான்.

அதை நம்பிய ஒரே ஆள் திருப்புட்குழி பிரவீனா. மூன்று அறைகளில் சிப்பிக்காளான் வளர்ப்பவள். ஈரம் குறைந்தால் மொட்டுகள் வாடிவிடும் என்று நாளெல்லாம் அறைக்கு அறை ஓடி அலுத்தவள். பெட்டி சரியாக வேலை செய்தால் தன் மகளிர் குழுவுக்கே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். விஞ்ஞானிக்குக் கிடைத்த முதல் ஆர்டர்.

சென்சார் சொல்வதைப் பெட்டிக்குப் புரியும்படி சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு சிப் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில், பெட்டி அதைக் கூப்பிடும் முகவரியை நாமே மாற்றி வைக்கலாம், விலை கூட. மற்றதில் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, மாற்ற முடியாது, பாதி விலை. சிப்போடு வந்த விவரத்தாளில் எல்லாம் தெளிவாகத்தான் போட்டிருந்தது. அவன் விலைப்பட்டியலை மட்டும் படித்தான். பள்ளிக்கூடத்திலும் பாதியில் நிறுத்தியவன்தான்.

மூன்று மலிவு சிப்பும் ஒரே கம்பியில் சேர்ந்ததும் கூத்து ஆரம்பித்தது. சின்ன காஞ்சிபுரத்தில் "வரதா" என்று கூப்பிட்டால் பாதித் தெரு "இன்னா?" என்று திரும்பும். அப்படித்தான் பெட்டி ஒன்றைக் கேட்க, மூன்றும் சேர்ந்து பதில் சொல்லின. திரையில் பிழை, பிழை என்றே வந்தது. எங்கோ ஒயர் லூஸ், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்த விஞ்ஞானி, பிழை வந்தால் கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டும்படி செய்துவிட்டான். ஒற்றைச் சென்சாரைச் சோதித்தபோது வந்த எண்பத்தைந்து சதவீதம்தான் அந்த நல்ல எண். பெட்டியைப் பிரவீனா வீட்டில் மாட்டிவிட்டுக் காளான் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

ஐந்தாம் நாள் பிரவீனா போன் செய்தாள். "அண்ணா, பொட்டி எம்பத்தஞ்சுன்னே காட்டிக்கினு இருக்குது. மூணாவது ரூமுல மொட்டெல்லாம் காஞ்சி பூட்ச்சுண்ணா."

அப்போதுதான் விவரத்தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தான். திருப்புட்குழி போகும் பஸ்ஸில் நான்கு சாக்குகளை ஒத்திகை பார்த்தான். கரண்ட், எலி, வெயில், சிப் செய்த நாடு. மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்த மொட்டுகளைப் பார்த்ததும் நான்கையும் விழுங்கிவிட்டான்.

"தப்பு என்னுதும்மா. பொட்டிக்கு ஒன்னும் தெர்ல. தெர்லன்னு அது சொல்லிச்சு. நான்தான் அதோட வாயக் கட்டிட்டேன்."

பிரவீனா காய்ந்த மொட்டுகளைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். பிறகு, "வேற சிப்பு வாங்கியாந்து மாட்ட எத்தினி நாளு ஆவும்?" என்றாள்.

"கொரியர்ல வந்து சேர மூணு நாளும்மா."

"மிச்ச ரெண்டு ரூமாச்சும் பொழைக்கட்டும். மூணு நாளும் நீயே இங்க இருந்து அளந்து சொல்லுண்ணா."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்று சிப்பில் மிச்சம் பிடித்த மாணிக்கவேல், ஒற்றைச் சென்சார் சொருகிய பெட்டியைக் கையில் பிடித்தபடி அறைக்கு அறை நடந்தான். மூன்று வேளைச் சோற்றுக்கு இதைவிட மலிவான கருவி தமிழ்நாட்டில் கிடைக்காது என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மதியம் அந்தக் கருவி தூங்கிவிட்டது. விழித்து ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டாம் அறையில் அறுபத்தொன்று. எண்பத்தைந்து என்று சொல்லிவிட்டு, தானே ரகசியமாகத் தண்ணீர் தெளித்துவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு அரித்தது.

"அறுவத்தொன்னும்மா!" என்று கத்தினான். "தூங்கிட்டேன்!"

முற்றத்தில் வைக்கோல் நறுக்கிக்கொண்டிருந்த பிரவீனா, பெட்டியையும் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. தெளிப்பானை எடுத்துக்கொண்டு நேராக இரண்டாம் அறைக்கு ஓடினாள். தான் சொன்ன ஒரு எண்ணை நம்பி ஒருத்தி ஓடுவதை மாணிக்கவேல் முதல் முறையாகப் பார்த்தான். குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு அவள் பின்னாலேயே ஓடினான்.