ஓல்வாக்கின் பக்கம் பேசியவர்

அந்தச் சனிக்கிழமை காலை, கைப்பேசியில் 'வில்லன்' என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. சேகர் அண்ணனின் எண்ணை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். மாலைச் சண்டைக்கு மனிதர் இப்போதே தயாராகிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். "நான் சேகர் தங்கச்சி மல்லிகா. அண்ணன் தூக்கத்துலயே தவறிட்டாரு. கிள்ளான் வீட்டுல வெச்சிருக்கோம். போன்ல 'ஹீரோ கட்சி'ன்னு இருக்கு, இது யாருன்னு தெரியல. இந்த நம்பருக்குத்தான் அதிகமா பேசியிருக்காரு" என்று இருந்தது. சாலாக் செலாத்தானில் என் வீட்டின் சமையலறையில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகை வரவில்லை. இனி யாரோடு சண்டை போடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

ஞானசேகரன் என்ற சேகர் அண்ணன் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். கோலாலம்பூரின் உயரமான கட்டடங்களில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள இயந்திர அறைகளில் தனியாக வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு கிள்ளான் வீட்டிலும் அவர் ஒருவர்தான். மற்றபடி அவருக்கு இருந்தவை ஆங்கிலச் சித்திரக்கதைகள். அவற்றிலும் பறக்கும் நாயகர்கள் அவருக்கு ஆகாது. வேற்றுக்கிரகங்களிலிருந்து படையெடுத்து வரும் வில்லன்களைத்தான் அவருக்குப் பிடிக்கும்.

நான் மருந்தகம் நடத்தும் கட்டடத்தில் ஒருநாள் மின்தூக்கி நடுவில் நின்றுபோனது. உள்ளே நான் மட்டும். வெளியிலிருந்து ஒரு குரல், பயப்படாதீர்கள், கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டது. பேச்சுக் கொடுத்துப் பயத்தைத் தணிக்கும் வழக்கமாம் அது. காமிக்ஸ் என்றேன். எந்தக் கதை என்று கேட்டார். சூரியன்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரும் ஓல்வாக்கின் கதை என்றேன். அவ்வளவுதான். கதவு திறக்கும்வரை நாங்கள் முகம் பார்க்காமலேயே வாக்குவாதம் செய்தோம். திறந்ததும் கிரீஸ் கறைபடிந்த சட்டையோடு நின்ற அந்த மனிதர் முதலில் சொன்னது, "நீங்க ஹீரோ கட்சியா? சரி, பார்த்துக்கலாம்லா" என்பதுதான்.

அவர் அழைத்துத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசைக்குப் போனேன். அங்கே சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடுவோம். சேர்பவர் ஒவ்வொருவரும் கதையில் வரும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் உப்புக்கோளத்தார், ஒருவர் ஒன்பது வளையத்தார். பிறகு கட்சி மாற முடியாது. வாரம் ஒரு வில்லனைக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம். சேகர் அண்ணன் வைத்த விதி ஒன்றே ஒன்று: வில்லன் பக்கத்தை முழுசாகக் கேட்காமல் யாரும் எழுந்திரிக்கக் கூடாது. வில்லன் பக்கம் பேச எப்போதும் அவர்தான். சீனி போடாத தே ஓ என்ற பால் சேர்க்காத தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, உண்மையான வழக்கு போல அப்படி ஒரு நிதானத்தோடு பேசுவார்.

நானோ ஓல்வாக்கை எதிர்க்கும், பொன்னிறக் கவசம் போட்ட நாயகனின் வக்கீல். அவனுக்கு அவர் வைத்த பெயர் 'பளபளா'. கோடிக்கணக்கான உயிர்களை இருட்டில் சாகவிட்டவனுக்கு என்ன நியாயம் என்று ஒருநாள் நான் மேசையைத் தட்டினேன். அவர் கோபப்படவில்லை. "ஓல்வாக் கெட்டவன்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மொதல்ல அணைஞ்சது அவனோட சூரியன். அப்ப யாரு போய் என்னப்பான்னு கேட்டா?" என்றார். அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேனா என்ன? அடுத்த வாரம் மறுபடி கிளம்பிப் போனேன்.

காலம் மேசையைக் காலி செய்தது. ஒருவர் மெல்பர்னுக்குப் போனார், ஒருவர் தூரத்துச் செமினியில் வீடு வாங்கியபின் வருவதை நிறுத்தினார், ஒருவருக்குப் பேரப்பிள்ளைகள். கடைசியில் நாங்கள் இருவர்தான். போதும் அண்ணே, நிறுத்திவிடலாம், கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றேன். "வழக்கு நடத்த ரெண்டு பேர் போதும்லா" என்றவர், கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "இத்தனை கிரகம் இருக்கு. ஓல்வாக்கைத் தேடி வர்றது பளபளா ஒருத்தன்தான். அடிக்கத்தான் வர்றான். ஆனாலும் வர்றான்ல?" நான் அதற்குமேல் நிறுத்துவதைப் பற்றிப் பேசவில்லை.

போன சனிக்கிழமை நான் என் வாதத்தை நீட்டிவிட்டேன், மழையும் பிடித்துக்கொண்டது. கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அவர்தான் முதலில் எழுந்தார். "என் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த அடுத்த வாரம்தான் கிள்ளான் வீட்டில் அவரைச் சவப்பெட்டியில் பார்த்தேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மார்பின்மீது பளபளாவின் பொம்மை! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஹீரோ கட்சி' என்று போனில் பார்த்ததும், அலமாரிப் புத்தக அட்டைகளிலெல்லாம் இருந்த இந்த ஹீரோதான் அண்ணனுக்கு உயிர் என்று புரிந்துகொண்டதாகவும், கடை திறந்ததும் ஓடிப்போய் வாங்கியதாகவும் சொன்னார். "இத்தனை வருஷம் தனியாவே இருந்துட்டாரு. போகும்போதாவது கூட ஒருத்தன் இருக்கட்டும்" என்றார். சாய்ந்திருந்த பொம்மையை நேராக்கி வைத்தேன். தேடி வருபவன் அவன் ஒருத்தன்தானே. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், உறவுக்காரப் பெரியவர் ஒருவர், குடும்பமா குட்டியா, பொம்மைப் புத்தகம் படித்தே வீணாய்ப்போனான் என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "உட்காருங்க அங்கிள். அவரு பக்கத்தையும் கேட்டுட்டுப் போங்க" என்றேன்.

வாழ்நாளெல்லாம் எதிர்த்தரப்பில் இருந்தவள், அன்று முதன்முறையாக அவர் தரப்பில் பேசினேன். மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்ட முகம் தெரியாத எத்தனையோ பேருக்குக் கதவுக்கு வெளியே நின்று துணையிருந்ததைச் சொன்னேன். யாரும் பரிந்து பேசாதவனுக்காக வாரம் தவறாமல் ரயிலேறி வந்து பேசியதைச் சொன்னேன். அம்மனிதரை வீண் என்று யாரும் சொல்லக் கூடாது என்று முடித்தேன். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுத்துப் பேச ஆளில்லை. மறுத்துப் பேசக்கூடிய ஒருவர் பெட்டியில் கிடந்தார். ஒரு வழக்கில் ஜெயிப்பது இவ்வளவு தனிமையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பெண்கள் வாசற்கதவைத் தாண்டுவதில்லை. பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தபோது, கதவருகே நின்றபடி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "சேகர் அண்ணே, உங்க பக்கம் சொல்லியாச்சு. இனிமே நீங்க எழுந்திரிக்கலாம்."