தம்பிதுரை தீர்த்துவைத்த வைஃபை

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி ஒன்றில் மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டு எழுதும் தம்பிதுரைக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் பொருந்திய இடத்தில் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள். தோட்டத்தைக் கேட்காதவர்கள் ஐடி கம்பெனியா என்று கேட்டார்கள். பத்து வருஷம் பொண்ணு பார்த்ததில் காபியும் மிக்சரும் சாப்பிட்டதுதான் மிச்சம். இப்போது தரகர்கூட வருவதில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. யாராவது விசாரித்தால் "நல்லா இருக்கேனுங்க" என்பான். எங்கள் பக்கம் காலொடிந்து கிடந்தாலும் அந்தப் பதில்தான் வரும்.

அவனுக்குத் துணை என்று ஒன்று உண்டென்றால் அது லினக்ஸ். காசில்லாமல் யாரும் போட்டுக்கொள்ளக்கூடிய அந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தைப் பழைய லேப்டாப்பில் போட்டு, கெடுத்து, மறுபடி போட்டுத் தானாகக் கற்றவன். டெலிகிராமில் லினக்ஸ்காரர்களுக்கென்று ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. அதில் யாருக்காவது வைஃபை கார்டு வேலை செய்யவில்லை என்றால் தம்பிதுரையைத்தான் கைகாட்டுவார்கள். கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருள் இல்லாத கார்டு, டிரைவர் இருந்தும் முரண்டு பிடிக்கிற கார்டு, எதற்கும் வைத்தியம் வைத்திருப்பான். வைஃபை வந்ததும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பிவிட்டு அந்த ஆள் காணாமல் போய்விடுவார். கல்யாண வீட்டில் சீரியல் செட் போட்டவனை யார் பந்தியில் தேடுகிறார்கள்?

போன மாசம் அப்படிக் கேட்டு வந்தவர் சித்திகா. கோவை கோட்டைமேட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். வீட்டிலிருந்தே செய்கிற தட்டச்சு வேலை ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைனில் தேர்வு. செல்போனில் எழுதக் கூடாது. அம்மாவை விட்டுவிட்டு வெளியே போய் எழுதவும் வழியில்லை. சொந்தக்காரர் கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது, வைஃபை மட்டும் வரவில்லை.

மூன்று சாயங்காலம் போனிலேயே வைத்தியம் நடந்தது. மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். இவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் அடித்துவிட்டு வந்த பதிலைப் படிப்பார். இரண்டாம் நாள் நடுவில், சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவன் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ஆச்சுங்க என்று பொய் சொன்னான்.

புதன்கிழமை, செல்போனை ஒயரில் லேப்டாப்போடு இணைத்து, அதன் வழியாக நெட் கொடுத்து, சரியான டிரைவரை இறக்க வைத்தான். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொன்னான். இரண்டு நிமிஷம் பொறுத்துக் கேட்டான்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. ரொம்ப நன்றிங்கண்ணா."

செய்ததையெல்லாம் வரிசையாகக் குழுவில் எழுதி, தீர்ந்தது என்று போட்டான். அன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூட்டையில் சீட்டு ஒட்டாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தேர்வு எப்படி இருந்தது என்று கேட்க ஆசை. ஆனால் வேலை முடிந்த பிறகு, கல்யாணமாகாத ஒருத்தன் ஒரு பெண்பிள்ளையை என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது? மரியாதையாக இருக்காது. எட்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாகப் போனது.

ஒன்பதாம் நாள் அதே மாதிரி லேப்டாப் வைத்திருந்த வேறொருவர், நீங்கள் எழுதியபடியே செய்தேன், வரவில்லை என்று குழுவில் எழுதினார். தம்பிதுரை நோண்டிப் பார்த்தான். அந்த லேப்டாப்பில் ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத்திரை வருமாம். புது டிரைவரை உள்ளே விடட்டுமா என்று கேட்டுப் பத்து நொடி காத்திருக்கும். பதில் சொல்லாவிட்டால் தானே போய்விடும், டிரைவர் வேலை செய்யாது. தன் லேப்டாப்பில் அந்தக் காவலை என்றோ அணைத்துவிட்டவன், அதைச் சித்திகாவிடம் சொல்லவே மறந்திருந்தான். அப்படியானால் அவருக்கு மட்டும் எப்படி வந்தது?

இப்போது காரணம் கிடைத்துவிட்டது. கூப்பிட்டான்.

"வரலீங்கண்ணா," என்றார் சித்திகா. "மூணு நாளா எனக்காக உக்காந்திருந்தீங்க. இன்னமும் வரலைன்னு சொல்ல வாய் வரலைங்க."

தேர்வு போயிற்று. அந்த ஒயரையே மறுபடி போட்டிருக்கலாமே என்றான். அது டிரைவர் இறக்க மட்டும்தான் என்று நினைத்தாராம். பிடுங்கச் சொன்னதும் அவன்தானே. அந்த ஒயரிலேயே தேர்வு முழுவதையும் எழுதியிருக்கலாம். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பான். மறைக்க மனசு வராமல் அதையும் சொன்னான்.

சித்திகா திருப்பிக் கேட்டார்.

"நீங்க ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க. ஏனுங்கண்ணா பண்ணலை?"

"தொந்தரவா இருக்குமேன்னுதானுங்க."

இப்போதே சரிசெய்துவிடலாம், நீலத்திரையில் பதில் சொன்னால் போதும் என்றான். குரல் அவனுக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

"பரவால்லீங்க. இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாங்க," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வந்துருச்சுங்க என்று சொன்ன அதே குரல்தான் இதுவும் என்று தம்பிதுரைக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. மறுபடி கூப்பிடலாமா என்று அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கூப்பிடவில்லை.