நான்காம் நாள் குளியல்

இதை எழுத உட்காரும்போதெல்லாம் ஆத்திரம் வந்து பேனாவைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆத்திரம் என்மேல்தான். கொஞ்சம் என் மனைவிமேலும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

சிதம்பரத்தில் கோயிலுக்கு மேற்கே எங்கள் வீடு. கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு 2004இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம் மகனுக்குக் கல்யாணம். அவன் கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். மருமகள் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். இங்கே ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்றால் மூன்று நாள் பின்கட்டு அறைதான். தனிப் பாய், தனித் தட்டு. நான்காம் நாள் காலை தலைக்குக் குளித்தபின் சமையலறைக்கு வரலாம். உதிரப்போக்கு நின்றிருக்காவிட்டால் நிற்கும்வரை பின்கட்டுதான். இந்தச் சட்டத்தை நடத்துவது என் மனைவி மாமியாராகி எடுத்துக்கொண்ட அதிகாரம். படித்தவனான நான் அதை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

2007இல் ஒரு மாதம் மருமகள் ஒன்பது நாள் பின்கட்டில் கிடந்தாள். பள்ளிக்கு லீவு. "உங்க ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் இப்படித்தானா?" என்று மனைவி அவள் காதில் விழும்படியே கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அவளுக்கு ஜாஸ்தியா போவுது. ஏதாச்சும் மருந்து கேட்டு வாங்க" என்றாள்.

ஆயுர்வேத நூல்களில் நான் மூழ்கிக் கிடந்த காலம் அது. கீரப்பாளையத்தில் ஒரு வைத்தியரைப் பார்த்தேன். "பொண்ண அழைச்சிட்டு வாங்க சார். எத்தன நாள் போவுது, கட்டி கட்டியா போவுதான்னு அவுங்க வாயால கேக்கணும்" என்றார். எனக்குக் கூச்சம். "அதெல்லாம் வேணாங்க, பொதுவா என்ன குடுப்பீங்க?" என்றேன். அசோகப்பட்டையைத் தண்ணீரும் பாலும் சேர்த்துக் காய்ச்சி, தண்ணீர் சுண்டியதும் வடிகட்டிக் கொடுக்கச் சொன்னார். மறுபடியும், "ஒரு மாசம் பாத்துட்டு அழைச்சிட்டு வரணும்" என்றார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்தையும் நான் குறை சொல்லவில்லை.

அடுத்த முறை அவள் பின்கட்டுக்குப் போனதும், நாட்டு மருந்துக் கடையில் பட்டை வாங்கி, கொல்லையில் தனி அடுப்பு மூட்டி நானே காய்ச்சினேன். டம்ளரைப் பின்கட்டு நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். "தேங்க்ஸ் மாமா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த மாதம் நான்காம் நாள் அவள் சமையலறையில் நின்று தோசை வார்த்தாள். அடுத்த மாதமும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம், நடைப்பயிற்சி நண்பர்களிடம் எல்லாம், "மூணே நாள், நின்னுடுச்சு!" என்று பெருமையடித்தேன். மருமகளின் மாதவிலக்கைத் தெருவில் பேச வராத கூச்சம், அவளிடம் கேட்க மட்டும் வந்தது. இரண்டு வருடம் இப்படி. இதற்கிடையில் குழந்தை இல்லையே என்று மனைவி ஜாடை பேச ஆரம்பித்துவிட்டாள். குழந்தை வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட மருமகள்தான் ஏங்கினாள். பள்ளியில் சின்ன வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவள்.

2009இல் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மகன் ஷிப்டில் இருந்தான். அவள் அண்ணன் வந்து கடலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். நானும் கூடப் போனேன். திரைக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தபோது டாக்டரம்மா அவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"மாசம் எத்தன நாள்மா?"

"பத்து நாள். சில மாசம் பன்னெண்டு."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல."

"வீட்ல சொல்லலியா?"

"சொன்னா ரூம விட்டு வெளிய வர முடியாது டாக்டர். வேலைக்கும் போவ முடியாது. நாலாம் நாள் குளிச்சிட்டு, நின்னுடுச்சின்னு சொல்லிடுவேன்."

மருந்து நிறுத்தியது எதையும் இல்லை. அவள் வாயைத்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம்.

உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். கர்ப்பப்பை முழுக்கக் கட்டிகள். முன்பே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம். இப்போது கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும். அவளுக்கு முப்பத்தொரு வயது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி, எடுத்தார்கள்.

வராந்தாவில் அவள் அண்ணன் என் எதிரே வந்து நின்றான்.

"மாமா, காலேஜ்ல பசங்களுக்கு இன்னா நடத்துனீங்க?"

"கெமிஸ்ட்ரி."

"ஒரு பையன் டெஸ்ட் பண்ணாமயே ரெக்கார்டுல ரிசல்ட் எழுதிக்கினு வந்தா மார்க் போடுவீங்களா?"

அவனே, "அடிச்சிக் கிழிச்சிருப்பீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான். அவன் ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு மருமகள் திரும்பி வந்தாள். கூடத்தில் உட்காரவைத்து, மனைவி அவள் தலையைத் தடவினாள். அன்பாகத்தான் சொன்னாள்: "போவட்டும் உடும்மா. இனிமே உனக்கு முப்பது நாளும் தடையில்ல. விளக்கு நீயே ஏத்தலாம்."

மருமகள், "ஆமா அத்தை. இதுக்குத்தானே எடுத்தது" என்றாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் காலில் விழுந்திருக்க வேண்டும், அல்லது மனைவியை அதட்டியிருக்க வேண்டும். கையில் இருந்த பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே அவளும் மகனும் கடலூரில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் இன்றுவரை, உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளிடம் நேராகக் கேட்டதில்லை. மகனிடம்தான் கேட்கிறேன்.