இரண்டாம் லைனில் ஒரு கைப்பிடிப் பொரி

நடந்தது இதுதான்:

1. சென்ற ஆண்டு ஆயுத பூஜை மாலை, எங்கள் தொழிற்சாலையின் இரண்டாம் லைனில், எடை மெசினுக்கு மேலே உள்ள இரும்புச் சட்டத்தில் ஒரு கைப்பிடிப் பொரி காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டது.
2. அந்தப் பொரியில் வறுத்த வேர்க்கடலை கலந்திருந்தது.
3. மறுநாள் விஜயதசமி விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை அந்த லைனில் குழந்தைகளுக்கான குட்டி பிஸ்கட் ஓடியது. அதன் பாக்கெட்டில் 'வேர்க்கடலை சேராதது' என்று அச்சிடுகிறோம்.
4. மெசின் அதிர்ந்ததில் காகிதம் பிரிந்து பொரி கொட்டியது. நேர் கீழே, பிஸ்கட் வந்து விழும் கூம்பு.
5. காலை டீக்கு முன்பு, மெசினை ஓட்டுபவரே அதை நிறுத்தினார்.
6. பொரியை வைத்தது தான்தான் என்று அவரே வந்து சொன்னார்.

முதல் ஐந்தையும் கையாள எங்களுக்குப் பயிற்சி இருந்தது. ஆறாவதற்கு இல்லை. இந்த ஆண்டு தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்திருக்கும் பயிலுநர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

கடலைச் சட்னி இல்லாத கேன்டீன்

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஊர் ஆவூர். விராலிமலைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் இந்தத் தொழிற்சாலை, பல நாடுகளில் பாக்கெட் உணவு விற்கும் ஒரு நிறுவனத்துடையது. கல்லூரி முடித்து நேராக இங்கே தரக்கட்டுப்பாட்டு லேபுக்கு வந்தேன்.

வேர்க்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஒரு துணுக்குப் போதும். உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நின்றுவிடவும் கூடும். அப்படிப்பட்ட குழந்தையின் தாய் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். அவருக்கு இருக்கும் ஒரே காவல் அந்த எழுத்து.

தொழிற்சாலை இருப்பதோ கடலை விளையும் மாவட்டத்தில். இங்கே வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கடலை உரித்துவிட்டுத்தான் வருவார்கள். அதனால் வாசலிலேயே கை கழுவ வேண்டும், உடை மாற்ற வேண்டும், வீட்டுச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது. கேன்டீனில் ஆண்டு முழுவதும் தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி மட்டும்தான். "மாமனாரு வீட்டுல கேட்டா கலெக்டர் ஆபீசு கேன்டீனுன்னு சொல்லிக்கிறேன். கடலைச் சட்னி போடத் தெரியாத மாஸ்டர்னு தெரிஞ்சா பொண்ணு குடுத்தவன் என்ன நெனப்பான்?" என்பார் கேன்டீன் மாஸ்டர்.

வாசல் சுவரில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்றில் நிறுவனத்தின் ஐந்து மதிப்புகள். அவற்றில் மூன்றாவது: 'தவறைக் கண்டால் தயங்காமல் சொல்வோம். சொன்னவரைக் காப்போம்.' மற்றொன்றில் விதிகள். அவற்றில் முதலாவது: 'வேர்க்கடலையை உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டு செல்பவரின் நுழைவு அட்டை அன்றே ரத்து செய்யப்படும்.' இரண்டையும் தினமும் கடந்து போனேன். இரண்டும் ஒரே ஆள் விஷயத்தில் வந்து மோதும் என்று நினைத்ததில்லை.

"நிப்பாட்டிட்டுத்தான் வாரேன்"

இரண்டாம் லைனின் எடை மெசினை ஓட்டியவர் வளர்மதி. ஒப்பந்தத் தொழிலாளி. கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, பெட்டி ஒட்டி, பிறகு மெசினுக்கு வந்தவர். எடை மெசின் ஓட்டும் ஒரே பெண். அன்று காலை லேப் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"மேடம், செத்த வெளிய வாங்களேன். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மெசின் மேல பூசைப் பொரி வச்சிருந்தேன். காயிதந்தான் தொங்குது. பொரியக் காணோம்."

"என்ன பொரி?"

"கடலை போட்டது."

"மெசின் ஓடுதா?"

"நிப்பாட்டிட்டுத்தான் வாரேன். பாண்டியண்ணன் அங்கிட்டு நின்னு கத்திக்கிட்டு இருக்காரு." லைன் சூப்பர்வைசரைச் சொன்னார்.

ஏன் வைத்தார் என்று போகிற வழியில் கேட்டேன். முன்பெல்லாம் பூஜை கூடத்துக்குள்ளேயே நடக்கும். ஒவ்வொரு மெசினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. தலைமை அலுவலக ஆடிட்டுக்குப் பிறகு அது நின்றது. ஒர்க்‌ஷாப் முற்றத்தில், பாக்கெட்டின் வாயை ஒட்டும் பழைய சீலிங் தாடை ஒன்றை எல்லா மெசினுக்கும் பிரதிநிதியாக வைத்துப் பூஜை செய்தோம்.

"சீலிங் மெசினுக்குப் பொட்டு வச்சா எடை மெசினுக்கு வச்சதா ஆகுமா மேடம்? என் வெரல் மாட்டுனது இதுலதான?" வலது கையை நீட்டினார். நடுவிரல் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. "வச்சத மறுநாத்தான் எடுக்கணும். மறுநா லீவு. இன்னிக்கி வந்து எடுத்துரலாம்னு பாத்தா, நான் டிரெஸ் மாத்தி வாரதுக்குள்ள அண்ணன் லைனை ஓட விட்டுட்டாரு. வேல ஓட்டத்துல மறந்துட்டேன். இப்பத்தான் நிமிந்து பாத்தேன்."

லைன் தொடங்கும் முன் நாங்கள் செய்யும் சோதனை பிஸ்கட் படும் இடங்களை மட்டும் பார்க்கும். தலைக்கு மேலே யாரும் பார்ப்பதில்லை.

பாண்டியன் அண்ணனின் கேள்விகள்

மூடியைத் திறந்தோம். கூம்பின் ஓரத்தில் பொரி. எடை போடும் பக்கெட் ஒன்றின் மூலையில் பாதிக் கடலை. மீதி எங்கே போனது என்று சொல்ல வழியில்லை. உலோகத் துண்டு விழுந்திருந்தால் டிடெக்டர் காட்டிக் கொடுக்கும். பாக்கெட்டுக்குள் இருக்கும் கடலையைக் காட்டிக் கொடுக்கும் கருவி எங்களிடம் இல்லை. காலையிலிருந்து கட்டிய பெட்டிகள் எல்லாவற்றிலும் வெளியே அனுப்பக்கூடாது என்று காட்டும் சிவப்பு ஹோல்டு அட்டை ஒட்டச் சொன்னேன். எதுவும் இன்னும் லாரி ஏறவில்லை.

பாண்டியன் அனுபவசாலி. தீபாவளிச் சரக்கு அவர் தலைமேல் நின்றது.

"ஒரு கைப் பொரிக்குக் காலையில இருந்து கட்டுன சரக்கக் கொட்டச் சொல்றீங்க. நாமெல்லாம் கடலையத் தின்னுதான வளந்தோம்? எவன் செத்தான்?"

"நமக்கு ஒத்துக்கும் அண்ணே. ஒத்துக்காத புள்ளைக்குன்னே தேடி வாங்குற பாக்கெட்டு இது."

"அப்ப வாரியெடுத்துட்டு ஓட்டுவோம். இவ வந்து சொன்னாத்தான ஒங்களுக்கே தெரியும்?"

"ஆமா. இப்பத் தெரிஞ்சுபோச்சே."

அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். பிறகு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "பூசை பண்ணுனதுதான் தப்புங்கிறீங்க. நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, ஒங்களுக்கு இது தெரியாது" என்றார்.

சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் போனால் அடுத்த நாள் கூடம் முழுவதும் அதுதான் பேச்சாக இருக்கும்.

"எங்க ஊரு பாஸ்கா திருவிழாவுல விக்கிற கடலையக் கொண்டாந்து யாராச்சும் உள்ள கொட்டியிருந்தாலும் இதே செவப்பு அட்டதான் அண்ணே. அன்னிக்கி பங்குச் சாமியாரு வந்து நின்னு கேட்டாலும் எடுக்க மாட்டேன்."

வளர்மதியே சிரித்துவிட்டார். பாண்டியன் தலையைச் சொறிந்தார். "என்னமோ போங்க. மாட்டுத் தீவனத்துக்குப் போகட்டும். விராலிமலை மாடுகளுக்கு இந்த வருசம் தீவாளி மொதல்லயே வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அட்டை ஒட்ட ஆள் அனுப்பினார்.

லைனைக் கழற்றிக் கழுவி, மெசினைத் துடைத்தெடுத்துக் கடலை எச்சம் பார்க்கும் ஸ்வாப் டெஸ்ட் எடுத்து, சுத்தம் என்று வரும்வரை ஓட்டவில்லை. சரக்குப் பிரச்சினை அதோடு முடிந்தது.

கார்டு

பிற்பகலில் ஆலை மேலாளர் கண்ணன் சார் கூப்பிட்டார். நல்ல மனிதர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டியதும், கண்மாய்க் கரையில் பனை விதை போட்டதும் அவர் முன்னின்று செய்தவை. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அறிக்கையில் அந்தப் படங்கள் வந்தன. மண்வெட்டியோடு நானும் ஒரு படத்தில் இருக்கிறேன்.

"ரீத்தா, ரிப்போர்ட்டுல காரணம்னு ஒரே வரி போடு. ஆபரேட்டர் விதியை மீறினார். கார்டை வாங்கிட்டு அனுப்பிடலாம். அடுத்த மாசம் ஆடிட் வருது."

"அவங்க சொல்லலைன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்காது. ஒத்துக்கிறேன்."

"இன்னிக்கு அவங்களை அனுப்பிட்டா, அடுத்த தடவை யாரு சார் மெசினை நிறுத்துவாங்க?"

"அப்படிப் பாத்தா எந்த ரூலும் நிக்காது. நாளைக்கு ஒருத்தன் கடலை மிட்டாயைக் கடிச்சுக்கிட்டே உள்ள வருவான். கேட்டா, நானும்தான் சொல்லிட்டேனே சார்ம்பான். என்ன பண்ணுவ?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாளைக் காலை ரிப்போர்ட் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே வளர்மதி உட்கார்ந்திருந்தார். கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஏன் கழட்டுனீங்க?"

"எப்படியும் கேப்பாங்கள்ல. கழுத்துல கெடந்து புடுங்குறதுக்கு நானே குடுத்தா மருவாதி."

"நான் கேக்கல. போட்டுக்குங்க."

"நீங்க கேக்க மாட்டீங்க மேடம். சாரு கேப்பாரு." பிறகு, கோபமில்லாமல், ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்: "பொரிய நான் வீட்டுல இருந்து கொண்டாரல. முத்தத்துல சாரு கையால குடுத்தது. கம்பெனி குடுக்குறதையே கம்பெனிக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னா, ஏன் மேடம் குடுத்தாங்க?"

பொரி எங்கிருந்து வந்தது

அன்று முற்றத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம். தரக்கட்டுப்பாட்டில் நான்கு பேர், உற்பத்தி அலுவலர்கள், கண்ணன் சார். தட்டிலிருந்து அவர்தான் பொரி அள்ளிக் கொடுத்தார். வாங்கித் தின்றோம். கடலை நன்றாக வறுபட்டிருக்கிறது என்று யாரோ சொன்னதுகூட நினைவிருக்கிறது. ஆண்டு முழுவதும் சட்னியில் கடலை சேரக்கூடாது என்று கேன்டீன் மாஸ்டரை விரட்டுகிற நாங்கள், பூஜைப் பொரியை உணவாகவே பார்க்கவில்லை. அது பிரசாதம். பிரசாதத்தில் யார் பொருட்பட்டியல் பார்ப்பார்கள்?

மறுநாள் காலை ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் மூன்று வரி எழுதினேன்.

ஒன்று: வேர்க்கடலை சேர்ந்த பொரியை நிறுவனமே வாங்கி, வளாகத்துக்குள் விநியோகித்தது.

இரண்டு: பூஜையை வெளியே மாற்றியபோது மெசின் ஓட்டுபவர்களைக் கலந்து பேசவில்லை. எங்கே செய்யக்கூடாது என்று சொன்னோம். அவரவர் மெசினுக்கு எங்கே செய்யலாம் என்று சொல்லவில்லை.

மூன்று: ஆபரேட்டர் விதியை மீறினார்.

கண்ணன் சார் இரண்டு முறை படித்தார்.

"முதல் வரி என்னைச் சொல்லுது."

"நம்ம எல்லாரையும் சொல்லுது சார். நானும் தின்னேன்."

"அப்ப என் கார்டையும் கழட்டிக் குடுத்துடவா?"

"ரூல் கூடத்துக்குள்ள கொண்டு போனவங்களுக்குத்தான் சார். நீங்க கொண்டு போகல. ஆனா கூடத்து வாசல் வரைக்கும் கொண்டாந்து அவங்க கையில குடுத்தது நாம. நேத்து கேட்டீங்களே, கடலை மிட்டாயோட வர்றவனை என்ன பண்றதுன்னு. அவன் மாட்டிக்கிட்டப்புறம் சொல்லுவான் சார். இவங்க யாருமே பாக்காதப்ப சொன்னாங்க. அந்த வித்தியாசத்தை ரூல்ல எழுதலாம்."

ஜன்னல் வழியே பலகைகள் மாட்டிய வாசல் சுவர் தெரியும் அறை அது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வரியையும் அப்படியே அனுப்பு," என்றார் கடைசியில். "ஆனா மெசினை உடனே குடுக்க முடியாது. அதுக்கு என்னால தலைமை ஆபீசுக்குப் பதில் சொல்ல முடியாது."

தலைமை அலுவலகத்திலிருந்து பேசியவர் முதல் வரியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். வளர்மதியின் கார்டு ரத்தாகவில்லை. எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்து, அவரைப் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். சொன்னபோது அவர் தலையாட்டினார். "மறுபடி மொதல்ல இருந்தா" என்று மட்டும் கேட்டார்.

பயிலுநர்களுக்கு

கெட்ட செய்தியோடு ஒருவர் லேப் வாசலுக்கு வந்தால், முதலில் மெசின் நின்றதா என்று கேளுங்கள். அடுத்து உட்காரச் சொல்லுங்கள். ஏன் செய்தாய் என்பது மூன்றாவதாக இருக்கட்டும். விசாரிக்கிற குரலில் கேட்டால், பின்னால் நிற்கும் பத்துப் பேரும் அந்தக் குரலைத்தான் நினைவில் வைப்பார்கள்.

நிறுவனத்தின் மதிப்புகள் என்ன என்று பார்வையாளர்கள் கேட்டால் பலகையைக் காட்டலாம். சமூகப் பொறுப்பு என்ன என்று கேட்டால் பள்ளிக் கழிப்பறையைக் காட்டலாம். அது நல்ல கழிப்பறை, பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பாக்கெட்டின் பின்னால் நாம் அச்சிடும் ஒரு வரி, நாம் பார்க்கவே போகாத ஒரு வீட்டில் நம்பப்படுகிறது. அந்த வரி பொய்யாகும் நாளில் வந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளை நாம் வைத்திருக்கிறோமா என்பதை எந்த ஆடிட்டும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

இப்போது

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு லைனிலிருந்தும் ஓட்டுபவரே தன் மெசினின் கழற்றக்கூடிய பாகம் ஒன்றை முற்றத்துக்குக் கொண்டு வந்தார். பொட்டு வைத்து, பிறகு கழுவி உள்ளே எடுத்துப் போனார்கள். பொரியில் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் மட்டும். வாங்கும் முன் லேப் பார்த்தது. தொடக்கச் சோதனையில் மெசினின் மேல்சட்டமும் சேர்ந்தது. விதிப்பலகையின் முதல் வரிக்குக் கீழே, தானாக முன்வந்து சொல்பவருக்கு அட்டை ரத்து இல்லை என்று ஒரு வரி கூடியிருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று பேர் லேப் கதவுக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் உடைந்த வளையலைப் பற்றி, ஒருவர் காணாமல் போன பேனா மூடியைப் பற்றி. மூன்றாவது ஆள் பாண்டியன் அண்ணன். கழன்று விழுந்த ஒரு போல்ட் நட்டைப் பற்றி.

வளர்மதி இன்னும் பெட்டி ஒட்டும் பிரிவில்தான் இருக்கிறார். எடை மெசினுக்குத் திரும்ப அவர் கொடுத்த விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாண்டியன் போட்டுவிட்டார். கண்ணன் சார் இன்னும் போடவில்லை.