சீதாலட்சுமியின் மடி

ஆடுகோடியில் சீதாலட்சுமியைத் தெரியாதவர்களுக்குக்கூட அவள் வாயைத் தெரியும். தண்ணி லாரி வந்தால் வரிசையை அவள்தான் நடத்துவாள். திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், வந்த சூட்டோடு கன்னடத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பேர்ப்பட்டவள் தொண்ணூற்றேழாம் வருஷம் வாயடைத்துப் போனாள். காரணம், மகள் வைஷ்ணவி.

ஓசூர் ரோடு கார்மெண்ட்ஸில் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் பிள்ளைக்குப் பால் மறக்கடித்தாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் தடவிக்கொண்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, வீரிட்டு அழுது, பிறகு பாட்டில் பாலுக்குப் பழகியது. கொஞ்ச நாளில் வாயைச் சுற்றிச் சிவந்தது. அப்புறம் விரல்களிலும் பின்புறத்திலும் புண். தலைமுடி கொட்டியது, புருவம்கூட மிஞ்சவில்லை. பேதியும் நிற்கவில்லை.

அக்கி என்று சொல்லி, சந்தாபுராவில் ஒருவரிடம் புண்ணின்மேல் செங்காவி எழுதிக்கொண்டு வந்தார்கள். களிம்பு களிம்பாக மாற்றிப் பார்த்தார்கள். வேம்புதான் பிள்ளையின் வாயைப் பொசுக்கிவிட்டது என்று சீதாலட்சுமி மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். கணவன் உத்தமனிடம்கூடச் சொல்லவில்லை.

அதைவிடக் கொடுமை, பிள்ளையைத் தூக்க முடியாதது. தொட்டால் துடிக்கும். பழைய வேட்டியை விரித்துக் கிடத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் எவளாவது பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தால் இவளுக்குக் கை பரபரக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டதும் உண்டு. ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோல் டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார்.

"தாய்ப்பால் எப்பம்மா நிறுத்தின? இது அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான் மேடம்," என்றவள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். "வேப்பங்கொழுந்து தடவுனேன். நான்தான் பொசுக்கிட்டேன்."

"வேம்பு ஒண்ணும் பண்ணலம்மா. சாப்பாட்டுல இருக்கற ஜிங்க் இவ உடம்புல சேராது, பொறப்புலயே அப்படி. தாய்ப்பால்ல இருக்கறது சேரும், அதான் இத்தனை நாள் தெரியல. ஜிங்க் இல்லேன்னா தோல் வளராது, புண் ஆறாது. ரத்தமும் பார்த்துடலாம்."

உத்தமன் தொண்டையைச் செருமினான். "ஜிங்க்னா, எங்க பட்டறையில இரும்புக்கு முலாம் போடுவோமே, அதுவா மேடம்?"

"அதேதான், ஆனா மருந்தா. பெரியவளானாலும் விடாம குடுக்கணும்."

மருந்து கொடுக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் போயிருக்கும். புண் இன்னும் காயவில்லை, ஆனால் ஓயாத சிணுங்கல் நின்றிருந்தது. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்ற வைஷ்ணவி, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வேணாம் கண்ணு, வலிக்கும்," என்று சீதாலட்சுமி நகர்ந்துகொண்டாள்.

பிள்ளை விடவில்லை. மடியில் ஏறி, முந்தானையை விலக்கி மார்பைத் தேடியது. பால் எப்போதோ வற்றிவிட்டது. இல்லை என்று தெரிந்த பிறகும் இறங்காமல், அங்கேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. சீதாலட்சுமி மெல்லக் கையைச் சுற்றிப் போட்டாள். பிள்ளை துடிக்கவில்லை.

வேலை முடிந்து வந்த உத்தமன் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றான்.

"பாப்பா அழுவுதா?"

"பாப்பா இல்ல," என்றாள். "நான்தான்."