பெட்டியில் மாறிய பெயர்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்து கோணலாக இருந்தாலும், ஏதும் மறந்துபோயிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தண்ணீர்க் குழாய்க்கு இணையத்தில் விண்ணப்பம் போட, கல்முனையில் கம்பியூட்டரில் படிவம் நிரப்பித் தரும் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போனேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைதான் நிரப்பினாள். வீட்டு உரிமையாளர் என்ற பெட்டியில் என் பெயரை அடித்து அனுப்பினாள். அனுப்பிய பக்கம் திரையில் திரும்பி வந்தபோது, அதில் என் இளைய மகளின் பெயர் நின்றது.

"ஆர்ர பேச்சக் கேட்டு மாத்தின புள்ள? என்ட மருமகன் சொன்னாரா?" என்று சத்தம் போட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி எழும்பி வந்து, "உண்மையச் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு வராத" என்றார்.

பிள்ளை திரையை என் பக்கம் திருப்பினாள். "நான் மாத்தல்ல சேர். நீங்களே பாருங்க உம்மா" என்று, என் கண்முன்னே என் பெயரை மறுபடி அடித்து அனுப்பினாள். மறுபடியும் மகளின் பெயரே வந்தது.

"நாம அனுப்புறத தண்ணி ஒபிஸ்ல உள்ள கம்பியூட்டர் வாசிக்கும். அந்த வீட்டு நம்பருக்குப் பதிவில ஆர்ர பேர் இருக்கோ, அதப் போட்டுத்தான் திருப்பி அனுப்பும். வீட்ட ஆருக்கும் எழுதிக் குடுத்தீங்களா உம்மா?"

அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் பக்கத்து வழமைப்படி, மகளின் கலியாணத்துக்கு நான்தான் அந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.

"கம்பியூட்டருக்கு நினைவிருக்கு, மாமிக்கு இல்ல" என்று முதலாளி சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் முகத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

கம்பியூட்டர் தெரிந்தவர்கள் யாராவது, அவள் சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னொரு தடவை நான் பிழையாகச் சொல்லிவிடக் கூடாது.