இரண்டு பெயருள்ள ஊர்

ஐந்தாம் வகுப்பில் ஆசிரியை சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாட்டைப் பிரித்துக் கொடுத்தார். என் தோழிக்கு பிரான்ஸ் விழுந்தது. எனக்குச் செக் குடியரசு. அங்குள்ள ஏதாவது ஒரு சிறு கிராமத்தின் புவியியலையும் வரலாற்றையும் எழுதி வர வேண்டும். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாமல், வளைகுடாவில், அஜ்மானில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து அழுதேன். அப்பாதான் வழி கண்டார். ஜெபல் அலியில் அவருடைய அலுவலகத்தில் அந்த நாட்டுப் பொறியாளர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய மனைவியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்து வைத்தார். மிளகாயைக் குறைத்துப் போட்டும் அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் இன்னொன்றை எடுத்தார். அம்மாவுக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று. அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போய்வரத்தான் போதும். அதனால் அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே அம்மாவுக்குத் தமிழிலும் சொன்னேன்.

புவியியல் சுலபமாக முடிந்தது. மலையடிவாரம், ஓடை, மீன் வளர்க்கும் குளம், வெங்காயம் போல் கூரையுள்ள தேவாலயம். காட்டைத் தாண்டினால் ஜெர்மனி.

வரலாறு அப்படி இல்லை. ஊருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. முன்பு அங்கே ஜெர்மன் பேசுகிறவர்கள் இருந்தார்களாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கையில் தூக்க முடிந்ததோடு அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். ஆளில்லாத வீடுகளை அரசாங்கம் வேறு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தது. எங்கள் விருந்தாளியின் தாத்தாவுக்கும் ஒன்று கிடைத்தது. அலமாரியில் தட்டுகள் அடுக்கியபடியே இருந்தனவாம்.

குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த அம்மா வந்து உட்கார்ந்தார்.

“வீட்டுக்காரர் பிறகு வந்தவையோ எண்டு கேள்.”

கேட்டேன். ஜெர்மனிப் பக்கம் பல வருடம் மூடியிருந்த எல்லை திறந்த பிறகு, ஒரு கோடையில், அந்த வீட்டில் பிறந்த வயதான பெண் ஒருவர் வந்து வாசலில் நின்றாராம். வீட்டைத் திருப்பிக் கேட்பாரோ என்று தன் தாய் பயந்துபோனதாக விருந்தாளி சொன்னார்.

“உள்ளுக்கு விட்டவையோ?”

இதை அம்மா என்னிடம் கேட்கவில்லை. விருந்தாளியின் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

விட்டார்களாம். அந்த வயதானவர் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, காப்பி குடித்து, மரத்துப் பேரிக்காய் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனாராம். விருந்தாளி விடைபெற்றபோது அவர் கையைப் பிடித்த அம்மா சீக்கிரம் விடவில்லை.

அதற்கு முந்தைய விடுமுறையில், சண்டை நின்றிருந்த காலத்தில், யாழ்ப்பாணம் போயிருந்தோம். தான் பிறந்த வீட்டைக் காட்டுவதாக அம்மா என்னை அழைத்துப் போனார். அந்தப் பகுதி முழுவதும் ராணுவத்திடம் இருந்தது. முள்கம்பித் தடுப்பருகே நின்ற சிப்பாய் திரும்பிப் போகச் சொன்னான். அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெயிலும் தாகமும்தான் நினைவிருந்தன.

எழுதி முடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓடை, குளம், போர், வெளியேறியவர்கள், எல்லாம் இருந்தன. அம்மா கடைசிவரை கேட்டார்.

“அந்த மனுசியை உள்ளுக்கு விட்டதை எழுதேல்லையோ?”

அதெல்லாம் வரலாற்றில் வராது அம்மா என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.